கோத்தகிரிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: கரடி உலவும் ஊரில் இருப்பது எப்படி?

நான் கோத்தகிரிப் பக்கம் குடிவந்த முதல் வருடம். ஒரு நாள் காலை சமையலறைப் பின்கதவைத் திறந்தால், படியில் இருந்த ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் முற்றத்து மூலையில் சப்பையாகக் கிடக்கிறது. மூடி திருகியது திருகியபடி இருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் நாலு கீறல், ஒவ்வொன்றும் கத்தியால் இழுத்த மாதிரி. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சிமெண்டுத் தரையில் சிந்தியதைக்கூட நக்கித் துடைத்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "கரடிங்க. எண்ணெயை வெளியவா வச்சீங்க?" என்றார். பால் பாக்கெட் வந்துவிட்டதா என்று கேட்பது போன்ற குரல்.

அவருக்கு அது சாதாரணம். எனக்கு அடுத்த ஒரு வாரம் இருட்டினால் கதவைத் திறக்கவே கை வரவில்லை. இப்போது பள்ளி வேலைக்கும், வங்கி மாற்றலிலும், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கவும் நிறைய பேர் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் வருகிறார்கள். வந்த மாதமே கேட்கும் கேள்வி, "கரடி வருமாமே?" வரும். வந்தால் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக, நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்வது என்பதை, நான் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன்.

முதலில்: இது எந்தக் கரடி?

இணையத்தில் கரடி என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள கரடிகளுக்கு எழுதிய அறிவுரை. 'பழுப்பு என்றால் படுத்துக்கொள், கறுப்பு என்றால் எதிர்த்து நில்' என்று அங்கே சொல்வார்கள். நம் கரடியும் கறுப்புதானே என்று அதை இங்கே இறக்குமதி செய்துவிடாதீர்கள். இது வேறு இனம். இந்தியா, இலங்கை, நேபாளப் பகுதிகளில் மட்டும் வாழும் தேன்கரடி. 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதன் நீண்ட நகங்களைப் பார்த்து, மரத்தில் தொங்கும் அசமந்த விலங்கான 'ஸ்லாத்' வகை என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார். ஆங்கிலத்தில் இன்றும் இது 'ஸ்லாத் பேர்'தான். அசமந்தம் என்று நம்பி யாராவது ஓடிப் பார்த்தால் தெரியும். மனிதனைவிட வேகமாக ஓடும்.

ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை இருக்கும், பெண் 55 முதல் 95 வரை. மூஞ்சி வெளுப்பு, நெஞ்சில் வெள்ளையாக ஆங்கில 'வி' எழுத்து போல ஒரு பட்டை, தோளில் சடை சடையாக முடி. மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டும் இதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சித் தின்னும். மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய் போல நீட்டிப் புற்றுக்குள் ஊதி மண்ணைத் தள்ளிவிட்டு உறிஞ்சும். நூறு மீட்டர் தாண்டியும் கேட்கிற சத்தம் அது. பழைய ஸ்கூட்டர் கிளம்ப மறுக்கிற மாதிரி இருக்கும். இந்தச் சத்தம் காதில் விழுந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இதன் குணத்தை ஒரு விஷயம் விளக்கிவிடும். மற்ற நாட்டுக் கருங்கரடிகள் பயந்தால் மரம் ஏறிவிடும். நம் கரடிக்கும் மரம் ஏறத் தெரியும், தேனுக்கும் பழத்துக்கும் ஏறும். ஆனால் ஆபத்து வந்தால் ஏறாது. புலியும் யானையும் சிறுத்தையும் உள்ள காட்டில் வளர்ந்த பிராணி இது. சிறுத்தைக்கும் மரம் ஏறத் தெரியும், புலியைவிட வேகமாக இதனால் ஓட முடியாது. மிஞ்சியது ஒரே வழி, முந்திக்கொண்டு பாய்வது. நீங்கள் திடீரென்று முன்னால் வந்து நின்றால், அதற்கு நீங்களும் ஒரு புலிதான். உங்களைத் தின்ன அது வருவதில்லை. பயத்தில் அடிக்கிறது. ஆனால் அந்த அடி முகத்திலும் தலையிலும் விழும், நகத்தின் நீளமோ ஆள்காட்டி விரல் அளவு.

கண் பார்வை மந்தம், மோப்பம் பிரமாதம், தின்னும்போது கவனம் முழுக்கப் புற்றுக்குள். ஆக, நீங்கள் பத்தடிக்குள் போகும்வரை உங்களைக் கவனிக்காமலே இருக்க வாய்ப்பு அதிகம். இனி சொல்லப்போவதெல்லாம் அந்தப் பத்தடி சந்திப்பைத் தவிர்க்கத்தான்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

'சிவபூஜையில் கரடி நுழைந்தாற்போல' என்று சொல்வோம் அல்லவா. அங்கே கரடி என்பது ஒரு வாத்தியம் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இந்த மலையில் அந்த விளக்கமே தேவையில்லை. தோட்டத்துக் கோயில்களில் விளக்கெண்ணெய்க்காகக் கரடி நிஜமாகவே கதவை உடைத்து நுழைகிறது. ரேஷன் கடையில் பாமாயிலும் சர்க்கரையும், சத்துணவுக் கூடத்தில் எண்ணெயும் பருப்பும், பேக்கரியில் எல்லாமும். ஒருமுறை ருசி கண்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்.

அதனால் வீட்டில் இன்றே செய்ய வேண்டியவை. எண்ணெய், வெல்லம், சர்க்கரை, தேன், மாவு ஆகியவற்றை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, வீட்டின் நடு அறைக்கு மாற்றுங்கள். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா நல்லது, பிளாஸ்டிக் கேன் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தகரக் கதவும் பொருட்டல்ல. பின்கதவு மரமாக இருந்தால் உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள் போடுங்கள். சமையல் வாசனை வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்காதீர்கள், வெறும் கொசுவலை ஜன்னல் கரடிக்கு வாசல்தான்.

எச்சில் சோறு, மீன் கழுவிய தண்ணீர், பழத்தோல் எதையும் ராத்திரி வெளியே கொட்ட வேண்டாம். நாய்க்கு வைத்த சோறு மிச்சமிருந்தால் தட்டைக் கழுவி உள்ளே எடுங்கள். குப்பையை, எடுக்க வருகிற அன்று காலையில் வெளியே வைத்தால் போதும்.

அப்புறம் பழமரம். வீட்டில் பேரிக்காய், கொய்யா, பலா இருந்தால் மரத்தில் பழுக்க விடாமல் முற்றியதும் பறித்துவிடுங்கள், உதிர்ந்ததைத் தினமும் மாலையில் பொறுக்குங்கள். புதிதாக வருபவர்களுக்கு இது மனம் கேட்காது. மரத்தில் பழுத்ததைத் தின்னத்தானே மலைக்கு வந்தோம் என்பார்கள். சரி, தின்னுங்கள். ஆனால் பகலில் போய்ப் பறியுங்கள்.

பாதையின் இரு பக்கமும் உண்ணிச்செடிப் புதர் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். அதன் பழத்தைக் கரடி தின்னும், பகலில் அதற்குள்ளேயே படுத்தும் தூங்கும். பராமரிப்பில்லாமல் விட்ட தேயிலைக்காடு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அதைக் கரடியின் படுக்கையறை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வாசலில் இருந்து பாதைவரை பதினைந்து அடியாவது வெட்டவெளியாக இருக்கட்டும், அதில் வெளிச்சம் விழட்டும்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலும் பழைய பங்களாக்களிலும் கழிப்பறை வெளியே இருக்கும். ராத்திரி போக வேண்டியிருந்தால் ஒரு முறை உண்டு. முதலில் வெளி விளக்கைப் போடுங்கள். கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே நாலு தட்டு தட்டுங்கள், இருமுங்கள், யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் திறந்து டார்ச்சை இடமும் வலமும் அடித்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குங்கள். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர், அறுபதுகளில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெரியவர், தேயிலைத் தோட்டத்தில் ரிட்டயர் ஆனவர். "அதுக்குக் கிளம்ப நேரம் குடுக்கணும் தம்பி. நம்ம வீட்டுக்கு ஆள் வந்தா நாம வேட்டிய சரி பண்ண நேரம் கேக்கறோம்ல?" என்றார்.

வெளியே நடக்கும்போது

தேயிலைச் செடியின் உயரம் இடுப்பளவு. நான்கு காலில் நிற்கும் கரடியின் தோள் உயரம் இரண்டிலிருந்து மூன்றடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி அழகாகத் தெரிகிற சரிவில், இரண்டு வரிசை தள்ளி ஒரு கரடி நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. கண்ணை நம்பி இங்கே நடக்க முடியாது, குரலை நம்பித்தான் நடக்க வேண்டும்.

ஆகவே பேசிக்கொண்டே நடங்கள். தனியாகப் போனால் போனில் பேசுங்கள், பாடத் தெரியாவிட்டாலும் பாடுங்கள். கரடியாய்க் கத்த வேண்டியதில்லை, இருபது முப்பது அடிக்குக் கேட்கிற சாதாரணப் பேச்சே போதும். வளைவுக்கு முன்னும், ஓடைக்குப் பக்கத்திலும் மட்டும் குரலை உயர்த்துங்கள். ஓடைச் சத்தத்தில் அதற்கு உங்கள் காலடி கேட்காது. காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறது என்றால் உங்கள் வாசனையும் அதற்குப் போகாது. மூடுபனி இறங்கிய நாளில் இவை எல்லாம் இரட்டிப்பு. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு விடியற்காலை ஓடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓடுங்கள், ஏழு மணிக்கு மேல், தார் ரோட்டில், காதைத் திறந்துவைத்து.

கையில் ஒரு கம்பு. ஐந்தடி நீளம், கட்டியாக. அடிப்பதற்கு என்று நினைக்க வேண்டாம், தட்டிக்கொண்டே போகத்தான். இந்தியாவில் வேறு சில கரடிக் காடுகளில் கம்பின் நுனியில் மணி கட்டிக்கொண்டு போகிற பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மனிதக் குரல் அளவுக்குக் கரடிக்குத் தெளிவாகப் புரிகிற சத்தம் வேறில்லை என்பது என் எண்ணம்.

இருட்டின பிறகும் விடிவதற்கு முன்பும்தான் கரடி அதிகம் நடமாடும். குட்டியுள்ள தாய் மட்டும் பகலிலும் சுற்றும். ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க நடப்பவர்கள் தனியாகப் போகாமல் நாலு பேர் சேர்ந்து போவது நல்லது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், யாருடைய வீட்டு வாசலிலாவது கூடிவிட்டுச் சேர்ந்து இறங்குவார்கள்.

மிக ஆபத்தான நிலை எது என்று கேட்டால், நடப்பதைச் சொல்ல மாட்டேன். குந்தி உட்காருவதைச் சொல்வேன். விறகு பொறுக்கும்போது, கீரை பறிக்கும்போது, புதர் மறைவில் ஒதுங்கும்போது நாம் சத்தமில்லாமல், கரடியின் உயரத்திலேயே, முகத்தைக் கீழே வைத்து இருக்கிறோம். உட்காருவதற்கு முன் புதரைக் கம்பால் தட்டி, குரல் கொடுத்து, சுற்றிப் பாருங்கள். கூட ஒருவர் நின்றுகொண்டிருக்கட்டும்.

தடயங்களையும் பழகிக்கொள்ளுங்கள். புதிதாகத் தோண்டிய கரையான் புற்று, மண் இன்னும் ஈரமாக இருந்தால், அது இன்றைய வேலை. எச்சத்தில் பழக்கொட்டைகள் முழுசாகக் கிடக்கும். பின்னங்கால் தடம் சின்னப்பிள்ளை வெறுங்காலோடு நடந்த மாதிரி இருக்கும், முன்னால் நகக்கோடுகள் மட்டும் காட்டிக்கொடுக்கும். பாறை இடுக்கு, குகை மாதிரி இடங்களுக்குள் படம் எடுக்க நுழையாதீர்கள், குறிப்பாகக் குளிர் மாதங்களில். தாய்க்கரடி அங்கேதான் குட்டி போடும்.

நாயைக் கயிறில்லாமல் அழைத்துப் போகாதீர்கள். அது புதருக்குள் பாய்ந்து குரைக்கும், கரடி திருப்பித் துரத்தும், நாய் நேராக ஓடி வந்து உங்கள் காலுக்குப் பின்னால் ஒளியும். பிறகு கரடிக்கு முன்னால் நிற்பது நீங்கள்.

வண்டியில் போகிறவர்களுக்கு: வளைவில் மெதுவாக, ஹாரன் அடித்து. சாலையில் கரடி நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திக் காத்திருங்கள். இரு சக்கர வாகனத்தில் பக்கத்தில் நுழைந்து தாண்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். முதுகில் மூட்டை மாதிரி ஏதாவது தெரிந்தால் அது குட்டி. குட்டியை முதுகில் ஏற்றிச் சுமப்பது இந்தக் கரடியின் தனிப் பழக்கம். அப்போது இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள்.

காட்டுக்குள் நடைபயணம் போக ஆசை என்றால் அனுமதியோடு, வனத்துறை வழிகாட்டியோடு போங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் நீலகிரிப் பாதைகளும் உண்டு. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம், அது ஒரு பக்கம். உங்களுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் பெரிய பக்கம்.

தூரத்தில் கண்டுவிட்டால்

நில்லுங்கள். அது உங்களைப் பார்க்கவில்லை என்றால், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். போன் எடுக்க வேண்டாம். இதுவரை பேசிக்கொண்டே போகச் சொன்னவன் இப்போது வாயை மூடச் சொல்கிறானே என்று தோன்றும். பேச்சு, அது உங்களை முன்கூட்டியே அறிந்து ஒதுங்கிக்கொள்ள. இப்போது நீங்கள் அறிந்துவிட்டீர்கள், ஒதுங்க வேண்டியது நீங்கள்.

அது உங்களைப் பார்த்துவிட்டது என்றால் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் நகருங்கள். பிள்ளைகள் இருந்தால் நடுவில் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓட விடாதீர்கள். கரடி இரண்டு காலில் எழுந்து நின்றால் உடனே பாயப்போகிறது என்று பொருளில்லை. பல நேரம் மோப்பம் பிடிக்கவும், நன்றாகப் பார்க்கவும் எழும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது முடிவு செய்யட்டும், அதற்கும் புதருக்கும் நடுவில் மட்டும் நீங்கள் நிற்காதீர்கள். கல்லெறிவது, விசிலடிப்பது, பட்டாசு கொளுத்துவது உங்கள் வேலை இல்லை. விரட்ட வேண்டியிருந்தால் வனத்துறை ஆட்கள் வருவார்கள்.

ஊருக்குள் பகலில் கரடி வந்துவிட்டால் அதிக ஆபத்து, கூடுகிற கூட்டத்தால்தான். நாலு பக்கமும் ஆள் நின்று கத்தினால் அதற்குப் போக வழி தெரியாது, ஏதோ ஒரு பக்கம் ஆள்மேல் விழுந்துதான் போகும். தென்காசி மாவட்டம் கடையம் அருகே 2022 நவம்பரில் சாலைக்கு வந்த கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. ஒருவரை அது கீழே போட்டுக் கடித்துக்கொண்டிருந்தபோது சுற்றி நின்று கல்லெறிந்த கூட்டமும் படமெடுத்த போன்களும் அப்போது பரவிய வீடியோவில் இருந்தன. காப்பாற்றப் போய் மேலும் இருவர் காயம்பட்டார்கள்.

வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டால்? அது நுழைந்த கதவை மூடாதீர்கள். நீங்கள் வேறு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். அந்த எண்ணைக் குடிவந்த அன்றே வாங்கிப் போனில் பதிந்துவையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தேட முடியாது.

பத்தடியில், திடீரென்று

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒரு கதை படித்திருக்கிறோம். இரண்டு நண்பர்கள், ஒரு கரடி. ஒருவன் மரம் ஏறினான், மற்றவன் மூச்சை அடக்கிச் செத்தவன் போலக் கிடந்தான், கரடி முகர்ந்துவிட்டுப் போனது. நட்பைப் பற்றி அந்தக் கதை சொல்வது சரியாக இருக்கலாம். மரம் ஏறியவன் பாடு இங்கே கஷ்டம், ஏனென்றால் கரடி அவனைவிட நன்றாக ஏறும். கிடந்தவன் ஏறக்குறைய சரி, ஆனால் பாடப்புத்தகப் படத்தில் அவன் மல்லாக்கக் கிடப்பான். அதுதான் தப்பு.

ஓடாதீர்கள். இறக்கத்தில் ஓடினால் முடி விழுந்து அதன் கண்ணை மறைக்கும், துரத்த முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. நம்ப வேண்டாம், இறக்கத்திலும் அது உங்களைவிட வேகம். இரண்டே எட்டில் வீடோ வண்டியோ இருந்தால் நுழைந்துவிடுங்கள். இல்லையென்றால் நின்ற இடத்தில் நின்று, கம்பையோ குடையையோ பையையோ உங்களுக்கும் அதற்கும் நடுவில் நீட்டிப் பிடியுங்கள். ஓங்க வேண்டாம். நடுவில் ஒரு பொருள் இருந்தால் முதல் அடி அதன்மேல் விழும். பாதி வழி பாய்ந்து வந்து நின்று, உறுமிவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு.

நிற்காமல் மேலே விழுகிறது என்றால் குப்புறப் படுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள். இரண்டு கைகளின் விரல்களையும் பின்னங்கழுத்தில் கோத்து, முழங்கைகளால் முகத்தின் இரு பக்கத்தையும் மறைத்து, முகத்தைத் தரையில் அழுத்துங்கள். கால்களைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள், அது உங்களைப் புரட்ட முடியாதபடி. புரட்டிவிட்டாலும் உருண்டு மறுபடி குப்புற வாருங்கள். கண்ணும் தாடையும் கழுத்தும்தான் காப்பாற்ற வேண்டியவை, முதுகிலும் தோளிலும் படுகிற காயம் ஆறிவிடும். கத்தாமல் அசையாமல் கிடந்தால் பெரும்பாலும் சில நொடிகளில் விட்டுவிட்டு ஓடும், அதன் நோக்கம் தப்பிப்பதுதான். அது போன பிறகும் உடனே எழுந்துவிடாதீர்கள். சத்தம் முழுதாக அடங்கட்டும், தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள், பிறகு மெல்ல எழுங்கள். விடாமல் தொடர்ந்து கடிக்கிறது என்றால் மட்டும் கையில் கிடைத்ததை எடுத்து மூக்கிலும் கண்ணிலும் அடியுங்கள். அப்போது வேறு வழியில்லை.

கூட வந்தவர்கள் தனித்தனியாக ஓடிப்போய் இழுக்கக் கூடாது. எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, கம்புகளை உயர்த்தி, ஒரே பக்கத்திலிருந்து பெருங்குரல் கொடுங்கள். அது ஓட மறுபக்கம் திறந்திருக்க வேண்டும்.

வீட்டில் நூறு தடவை குப்புறப் படுத்துப் பார்க்கச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தடவையாவது பாருங்கள், பிள்ளைகளோடு விளையாட்டாக. அந்த நேரத்தில் யோசனை வராது, உடம்புக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

அடிபட்டுவிட்டால்

தலைத்தோல் கிழிந்தால் ரத்தம் ஆறாக ஓடும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தொங்குகிற தோலை வெட்டி எறியாதீர்கள், அதன் இடத்திலேயே படிய வைத்து அழுத்துங்கள். வாயில் ரத்தம் வந்தால் மல்லாத்தாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கண்ணில் காயம் என்றால் அழுத்தாமல் லேசாக மூடினால் போதும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது. இதைச் சொல்லக் காரணம், எங்கள் பக்கத்தில் முதலில் ஓடி வருவதே காப்பித்தூள் டப்பாவோடுதான்.

108ஐக் கூப்பிடுங்கள். சின்னக் கீறலாக இருந்தால், ரத்தம் நின்றதும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வனவிலங்குக் கடி எதுவானாலும் வெறிநாய்க்கடி வகையில் மிகத் தீவிரமானதாகவே எடுத்துக்கொண்டு தடுப்பூசியும், காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் போடுவார்கள். டிடி ஊசியும் உண்டு. நாய்தானே கடித்தால் ஊசி, கரடிக்கு எதற்கு என்று தவிர்த்துவிடாதீர்கள், தவணைகளையும் விடாதீர்கள். முகத்தில் பெரிய காயம் என்றால் ஊட்டியிலோ கோவையிலோ உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், மறுக்காமல் போங்கள்.

வனத்துறைக்கு அன்றே தகவல் கொடுங்கள். அரசு நிவாரணம் கிடைக்க மருத்துவச் சான்றும் சரக அலுவலகப் பதிவும் தேவைப்படும், சிகிச்சைக் காகிதம் ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். கரடிமேல் உள்ள கோபத்தில் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது, கண்ணி வைப்பது எல்லாம் சிறைக்குக் கொண்டுபோகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைத்திருக்கும் பிராணி இது. குழந்தை பயந்துவிட்டது என்று கரடிமுடித் தாயத்து விற்பவரிடம் வாங்கிக் கட்டுவதும் அதே சட்டத்தில் வரும்.

வேறு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இலங்கையில் யால, வில்பத்து, வஸ்கமுவ காடுகளில் இருப்பது இதே கரடியின் சற்றுச் சடை குறைந்த வகை. பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலையில் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். அங்கே ஜீப்பில்தான் போவீர்கள், இறங்காமல் இருந்தால் போதும். கனடாவில் பான்ஃப், அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்று பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு அங்குள்ள பூங்கா அலுவலகம் சொல்வதைக் கேளுங்கள். யெல்லோஸ்டோனில் கரடியிடமிருந்து 100 கெஜம் தள்ளி நிற்பது சட்டம், மிளகாய்க் காரம் நிறைந்த ஸ்ப்ரேயைப் பைக்குள் போடாமல் இடுப்பில் வைத்திருக்கச் சொல்வார்கள். ஊறுகாய் டப்பாவைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன்.

பார்த்ததைச் சொல்லுங்கள்

கரடியைப் பார்த்தால், ஆபத்து ஒன்றும் ஆகாவிட்டாலும், அக்கம்பக்கத்துக்குத் தெரிவியுங்கள். அடுத்த நாள் காலை அந்த வழியில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்கும், பள்ளிக்கு நடக்கிற பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுவதைவிட, இடம், நேரம், எத்தனை, எந்தப் பக்கம் போனது என்ற நாலு விவரம் எழுதும் பழக்கம் இருக்கிறது. போன வாரம் வந்தது இது: 'மாரியம்மன் கோயில் மேல் பாதை, இரவு 8:40, தாயும் ஒரு குட்டியும், சோலைப் பக்கம் ஏறிப் போனது. நாளை காலை அந்த வழி வேண்டாம், கீழ் ரோட்டில் வரவும். கோயில் விளக்கை யாராவது துடைத்து வையுங்கள்.'